எதிர்வரிசை (6): இரண்டு ரொட்டிகள்

சென்ற வாரம் 1901 மே 13-இல் நிறுத்தியிருந்தோம். இருபத்தாறு வயது வின்ஸ்டன் சர்ச்சில், தன் கட்சியின் போர்த்துறை அமைச்சர் செயின்ட் ஜான் பிராட்ரிக் கொண்டுவந்த ராணுவத் திட்டத்தைக் காமன்ஸ் சபையில் எதிர்த்துப் பேசிய நாள் அது. ராணுவச் செலவைக் குறைக்கச் சொல்லி, கேட்காமல் போகவே, 1886 டிசம்பரில் நிதியமைச்சர் பதவியை உதறியவர் அவருடைய அப்பா லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில். அந்த ராஜினாமாவிலிருந்து அப்பா மீளவே இல்லை. பதினான்கு ஆண்டு கழித்து மகன் அந்தக் கடிதத்தை அதே சபையில் வாசித்தார். அப்பா தூக்கிய கொடி கிழிந்து கிடக்கிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

இந்த வாரம் தொடரில் சேருகிறவர்களுக்கு முன்கதை நான்கு வரியில். 1899 ஜூலையில் ஓல்ட்ஹாம் இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராக நின்று தோற்றார் சர்ச்சில். நவம்பரில், 'மார்னிங் போஸ்ட்' செய்தியாளராகத் தென்னாப்பிரிக்காவின் போயர் போருக்குப் போன இடத்தில், கவச ரயிலோடு போயர்களிடம் சிக்கினார். டிசம்பரில் பிரிட்டோரியா காவலிலிருந்து தப்பினார். 1900 அக்டோபர் 1-இல் அதே ஓல்ட்ஹாமில் 222 வாக்கு முன்னணியில் சபைக்குள் வந்தார்.

அப்படி வந்தவர் நான்கு ஆண்டு முடிவதற்குள் கட்சி மாறினார். காரணம் கேட்டால் இறக்குமதி வரி என்று ஒரே சொல்லில் பதில் வரும். வரி உண்மையான காரணம்தான். ஆனால் வரிப் பேச்சு எழுவதற்கு முன்பே சர்ச்சிலுக்கும் அவர் கட்சிக்கும் இடையில் ஒரு பழைய கணக்கு இருந்தது. அது அப்பாவின் கணக்கு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பதின்மூன்று மாதங்கள்தான் இந்த அத்தியாயம்.

*

1902 ஏப்ரல் 24. இரவு விருந்து.

விருந்து வைத்தவர்கள் ஆளுங்கட்சிப் பின்வரிசை இளைஞர்கள் ஐந்து பேர். சர்ச்சில், லார்ட் ஹியூ செசில், லார்ட் பெர்சி, இயன் மால்கம், ஆர்தர் ஸ்டான்லி. பெரிய வீட்டுப் பிள்ளைகள். ஹியூ செசில் அன்றைய பிரதமர் சாலிஸ்பரியின் மகன். வியாழக்கிழமைகளில் கூடிச் சாப்பிடுவார்கள். பெரிய தலைவர் ஒருவரை அழைத்து வைத்துப் பேசுவார்கள்.

அன்றைய விருந்தாளி காலனித் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன்.

அன்று மாலைதான் சபையில் அந்த இளைஞர்கள் அரசுக்கு எதிராக வாக்களித்திருந்தார்கள். கார்ட்ரைட் என்ற பத்திரிகை ஆசிரியர் தென்னாப்பிரிக்காவில் சிறைத் தண்டனையை முடித்துவிட்டார். ஆனாலும் அவரை இங்கிலாந்துக்கு வர விடாமல் ராணுவம் தடுத்தது. தண்டனை முடிந்த மனிதனைத் தடுக்க என்ன உரிமை என்று கேட்டார் சர்ச்சில். விருந்துக்கு வந்த சேம்பர்லேனுக்குக் கோபம் ஆறவில்லை. அரசு சரியாக நடக்கும்போது ஆதரிப்பதற்கு நீங்கள் எதற்கு, தவறு செய்யும்போதுதானே கைகொடுக்க வேண்டும் என்று கடிந்துகொண்டார்.

சாப்பாடு முடிவதற்குள் சேம்பர்லேன் உருகிவிட்டார். அவருடைய பேச்சில் யாரும் மயங்குவார்கள். புறப்படும்போது வாசலில் நின்று, விருந்துக்குக் கைம்மாறாக ஒரு ரகசியம் சொல்கிறேன் என்றார். வருங்கால அரசியல் முழுக்க இறக்குமதி வரியில்தான் இருக்கப் போகிறது. அதை நன்றாகப் படித்து வையுங்கள்.

அந்தப் புத்திமதியை சர்ச்சில் அப்படியே எடுத்துக்கொண்டார். படித்தார். படித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

*

ரொட்டிக்கு வரி போடுவது பிரிட்டனில் ஏன் இவ்வளவு பெரிய விவகாரம் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1846-இல் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது, கன்சர்வேட்டிவ் பிரதமர் ராபர்ட் பீல் தானிய இறக்குமதிச் சட்டங்களை நீக்கினார். வெளிநாட்டுக் கோதுமை தடையில்லாமல் வரத் தொடங்கியது. நிலக்கிழார்களின் கட்சி அன்றே இரண்டாகப் பிளந்தது. பீலை வீழ்த்தும் வேலையை முன்னின்று செய்தவர் அதே கட்சியின் டிஸ்ரேலி. ஆனால் அந்தப் பிளவுக்குப் பிறகு கன்சர்வேட்டிவ்கள் சொந்தப் பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வர 1874 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டு தலைமுறை மலிவு ரொட்டி தின்று வளர்ந்தது. கட்டற்ற வணிகம் ஒரு கொள்கை என்ற நிலை தாண்டி, தொழிலாளி வீட்டுக்கு ஒரு வாக்குறுதி ஆகிவிட்டது.

போயர் போர் கஜானாவைக் காலிசெய்தது. 1902 பட்ஜெட்டில் தானிய இறக்குமதிக்கு ஒரு சிறிய வரி வந்தது: ஒரு குவார்ட்டருக்கு, ஏறத்தாழ 218 கிலோவுக்கு, ஒரு ஷில்லிங். இதைப் பிடித்துக்கொண்டார் சேம்பர்லேன். இந்த வரி இருக்கட்டும், கனடா முதலான காலனிகளின் கோதுமைக்கு மட்டும் விலக்குக் கொடுப்போம், இப்படித்தான் சாம்ராஜ்யத்தை ஒன்றாகக் கட்ட முடியும் என்று நினைத்தார். ஜெர்மனியும் அமெரிக்காவும் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்திவிட்ட காலம் அது. அவருடைய கவலையை அலட்சியம் செய்வதற்கில்லை.

1902 ஜூலையில் சாலிஸ்பரி விலகினார். அவருடைய சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபோர் பிரதமர் ஆனார். அந்த ஆண்டு முடிவில் சேம்பர்லேன் தென்னாப்பிரிக்கா கிளம்பினார். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் நிதியமைச்சர் ரிச்சி அமைச்சரவையை இணங்க வைத்து, தானிய வரியையே எடுத்துவிட முடிவு செய்தார். 1903 மார்ச்சில் திரும்பி வந்த சேம்பர்லேன் தன் திட்டத்தின் அடிக்கல் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்தார்.

1903 மே 15. பர்மிங்ஹாம் டவுன் ஹால். சேம்பர்லேன் மனத்திலிருந்ததை ஊரறியக் கொட்டினார். காலனிகளுக்குச் சலுகை, மற்றவர்களுக்கு வரி. அன்றிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் அமைதி இல்லை. 1886-இல் அயர்லாந்துப் பிரச்சினையில் லிபரல் கட்சியைப் பிளந்துவிட்டு வந்தவர் சேம்பர்லேன். இப்போது வந்து சேர்ந்த வீட்டையும் பிளந்தார்.

*

இங்கே ஓல்ட்ஹாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்ச்சிலின் கொள்கைக்குக் காலூன்ற இடம் கொடுத்தது அந்த ஊர்.

மான்செஸ்டருக்கு அருகில், மழையும் புகையும் மூடிய ஊர். எந்தத் திசையில் பார்த்தாலும் நூற்பாலைப் புகைபோக்கி. நூல் நூற்பதில் உலகத்தில் அதற்கு இணையான ஊர் அப்போது இல்லை. பஞ்சு அமெரிக்காவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வரும். துணியில் பெரும்பகுதி கடல் கடந்து போகும். ஓல்ட்ஹாம் சாப்பிடும் ரொட்டியும் கப்பலில் வந்த கோதுமை. உள்ளே வருவது, வெளியே போவது இரண்டிலும் உயிர் வைத்திருக்கும் ஊரிடம் போய் 'எல்லையில் சுங்கச் சாவடி போடப்போகிறோம்' என்று வாக்குக் கேட்பது எப்படி?

இந்த ஊர் தன்னை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை சர்ச்சில் மறக்கவில்லை. பிரிட்டோரியாவிலிருந்து தப்பியபோது விட்பாங்க் நிலக்கரிச் சுரங்கத்தில் அவரை ஒளித்து வைத்தவர்களில் டியூஸ்னாப் என்ற பொறியாளர் ஒருவர். அவர் ஓல்ட்ஹாம்காரர். அடுத்த முறை ஊரே உங்களுக்கு வாக்களிக்கும் என்று இருட்டில் கைகுலுக்கிச் சொன்னவர். 1900-இல் ஓல்ட்ஹாம் தியேட்டர் ராயலில் அந்தக் கதையைச் சொல்லி, போர் முடியாத நிலையிலும் இனி ஆபத்தில்லை என்ற துணிவில் அவர் பெயரை வெளியிட்டார் சர்ச்சில். உடனே கூட்டம் எழுந்து கத்தியது: அவர் மனைவி மாடத்தில் இருக்கிறார்! அன்று அரங்கம் அதிர்ந்தது. 222 வாக்குக்கு அந்த இரவுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

ஓல்ட்ஹாமின் கட்டற்ற வணிகத்துக்கு நம் பக்கம் ஒரு முகம் இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் கதையைத் தமிழில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லங்காஷயர் துணிக்கு மிகப் பெரிய சந்தை இந்தியா. 1882-இல் இந்தியாவுக்குள் வரும் துணி மீதான சுங்கத்தை லங்காஷயருக்காக நீக்கினார்கள். 1894-இல் அரசு பணமுடையில் மறுபடி வரி போட்டபோது ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாகக் கொதித்தார்கள். 1896-இல் ஒரு ஏற்பாடு வந்தது. இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீத வரி. இந்திய ஆலைகளில் நெய்யும் துணிக்கும் அதே 3.5 சதவீத உற்பத்தி வரி. சென்னையில் பின்னி ஆலைத் துணியும் அதைக் கட்டித்தான் கடைக்குப் போனது. 1925 இறுதி வரை அந்த வரி நீடித்தது. ஓல்ட்ஹாம் தொழிலாளியின் மலிவு ரொட்டிக்குப் பின்னால் இந்திய நெசவு கொடுத்த விலை இருந்தது. அதே 1896-இல்தான் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூரு கன்டோன்மென்ட்டுக்கு வந்தார் சர்ச்சில். சுதந்திர வணிகத்தைப் பற்றி அவர் பின்னாளில் பேசிய அழகான பேச்சுகளில் இந்த ஏற்பாடு ஓர் அநீதியாக உறுத்தவே இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தோடு சேர்த்து அவர் பெயரை நினைக்கும் நாம், அந்தக் கண்மறைவு இளமையிலேயே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

*

சேம்பர்லேன் பேசிய பத்தாம் நாள், 1903 மே 25. சர்ச்சில் பிரதமர் பால்ஃபோருக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் கட்டற்ற வணிகத்தைக் காப்பதாக இருந்தால் என் முழு விசுவாசமும் உங்களுக்கு. சேம்பர்லேன் வழியில் போவதாக இருந்தால் அரசியலில் என் இடம் எது என்று நான் யோசிக்க வேண்டிவரும் என்பது சாரம். மே 28-இல் சபையில் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். இந்தப் பாதையில் போனால் பழைய கன்சர்வேட்டிவ் கட்சி மறைந்துவிடும். அமெரிக்கக் குடியரசுக் கட்சியைப் போலப் பணத்தையும் சுங்க அட்டவணையையும் மட்டுமே நினைக்கும் ஒரு கட்சி அதன் இடத்தில் முளைக்கும். சபைக் கூடங்களில் சலுகை கேட்கும் தொழிலதிபர்களின் தரகர்கள் மொய்ப்பார்கள் என்று எச்சரித்தார்.

இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது? பாதி உழைப்பு. கருவூலத்தின் நிரந்தரச் செயலர் பிரான்சிஸ் மவாட், அப்பாவோடு வேலை பார்த்த மூத்த அதிகாரி. அவர் சர்ச்சிலுக்குப் பொருளாதாரம் கற்றுக்கொடுத்தார். அரசு அறிக்கைகளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

மறுபாதி அப்பாவின் காகிதங்கள்.

1902-இல் லார்ட் ராண்டால்ஃபின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு மகனுக்குக் கிடைத்தது. பெட்டி பெட்டியாகக் கடிதங்கள் வந்தன. லண்டன் மவுன்ட் ஸ்ட்ரீட் வீட்டில் அவற்றைப் படித்து அடுக்கும் வேலை இந்தப் பதின்மூன்று மாதமும் ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தவரை மகனோடு மனம்விட்டுப் பேசாத அப்பா. 1895-இல், நாற்பத்தைந்து வயதில், நோயில் குலைந்து இறந்தவர். அவர் எப்படி எழுந்தார், கட்சியின் பெரியவர்கள் அவரை எப்படி விழ விட்டார்கள் என்பதை மகன் இப்போதுதான் அவர் கையெழுத்திலேயே படிக்கிறார். சபையில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பலர் அந்தக் கடிதங்களில் வருகிறவர்கள்.

அப்பா இந்தக் கொள்கையில் தெளிவாக இருந்தார் என்று சொல்ல முடியாது. 1880-களில் சில மேடைகளில் அன்னியச் சரக்குக்கு வரி என்ற பக்கம் சாய்ந்து பேசிவிட்டு, பிறகு கைவிட்டவர் அவர். ஆகவே மகன் அப்பாவின் வணிகக் கொள்கையைப் பின்பற்றினார் என்பது பொருந்தாது. அவர் எடுத்துக்கொண்டது அப்பாவின் சண்டையை.

1903 செப்டம்பரில் பால்ஃபோர் ஒரு வேலை செய்தார். சேம்பர்லேன் ராஜினாமா செய்தார், நாடெங்கும் போய்ப் பிரசாரம் செய்யப் போவதாகச் சொல்லி. அந்த ராஜினாமா கையில் இருப்பதை மறைத்து வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பு ரிச்சியையும் லார்ட் பால்ஃபோர் ஆஃப் பர்லியையும் அமைச்சரவையிலிருந்து வெளியேற்றினார் பிரதமர். சில வாரத்தில் டெவன்ஷயர் பிரபுவும் விலகினார். காலியான நிதியமைச்சர் நாற்காலியில் சேம்பர்லேனின் மகன் ஆஸ்டின் உட்கார்ந்தார். மற்றொரு தலைவரின் மகனான சர்ச்சிலுக்கு அந்த மாற்றத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதவி கிடைக்காத கோபத்தில் மாறினார் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்வதுண்டு. ஆசை அவரிடம் நிறையவே இருந்தது, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் மே மாதக் கடிதம் செப்டம்பருக்கு முந்தியது. பதவியை மட்டும் விரும்புகிறவர் பிரதமருக்கு அப்படிப்பட்ட கடிதம் எழுதியிருக்க மாட்டார். வாய் மூடிக் காத்திருந்திருப்பார்.

அக்டோபர் 24-இல் நண்பர் ஹியூ செசிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் ஓர் ஆங்கில லிபரல்; டோரி (கன்சர்வேட்டிவ்) கட்சியை, அதன் மனிதர்களை, அவர்கள் பேசும் சொற்களை, அவர்கள் நடக்கும் முறைகளை வெறுக்கிறேன் என்ற பொருளில் வரிகள் அதில் இருந்தன.

எழுதினார். அனுப்பவில்லை.

ஹியூவும் கட்டற்ற வணிகத்தின் பக்கம்தான். ஆனால் சர்ச்சும் கன்சர்வேட்டிவ் கட்சியும் அவருக்கு ஒன்று. கட்சிக்குள் நின்று போராடுவோம் என்பது அவர் எண்ணம். அந்த நண்பரை இழக்க சர்ச்சிலுக்கு மனம் வரவில்லை என்றுதான் அந்த அனுப்பாத கடிதத்தை நான் படிக்கிறேன். ஐந்து ஆண்டு கழித்து சர்ச்சிலின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அதே ஹியூ.

*

1903 நவம்பர் 4. பர்மிங்ஹாம் பிங்லி ஹால்.

சேம்பர்லேன் அப்போது நாடு சுற்றிக்கொண்டிருந்தார். அக்டோபரில் கிளாஸ்கோவில் கணக்கைச் சொல்லிவிட்டார்: அன்னியக் கோதுமைக்குக் குவார்ட்டருக்கு இரண்டு ஷில்லிங், இறைச்சிக்கும் பால்பொருளுக்கும் 5 சதவீதம், தொழிற்சாலைப் பொருளுக்குச் சராசரி 10 சதவீதம். லிபரல்கள் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்: கட்டற்ற வணிகத்தின் பெரிய ரொட்டி, சேம்பர்லேனின் சின்ன ரொட்டி.

அன்று மேடையில் அவர் உண்மையாகவே இரண்டு ரொட்டிகளை எடுத்துத் தூக்கிக் காட்டினார். ஒன்று இன்றைய விலையில் கிடைக்கும் அளவு. மற்றது தன் வரி வந்தால் கிடைக்கும் அளவு. எது பெரியது, கண்டுபிடியுங்கள் என்றார். கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆரவாரம்.

இது சாதாரண எதிரி இல்லை. கொள்கைச் சண்டையைக் கைக்குள் அடங்கும் பொருளாக்கிக் காட்டத் தெரிந்தவர்.

அதே பர்மிங்ஹாமுக்கு அடுத்த வாரமே போனார்கள் சர்ச்சிலும் ஹியூ செசிலும். சேம்பர்லேனின் சொந்தக் கோட்டை அது. 1901 டிசம்பரில் போயர் போரை எதிர்த்துப் பேச வந்த லிபரல் உறுப்பினர் லாயிட் ஜார்ஜ், கல்லெறிக்குத் தப்பிப் போலீஸ்காரர் உடையில் வெளியேற நேர்ந்த ஊர். சர்ச்சில் மேடையேறிப் பேசி முடித்துவிட்டு வந்தார்.

டிசம்பர் கடைசியில் ஹாலிஃபாக்ஸ் கூட்டம். அங்கே, எதிர்க்கட்சி என்று ஒன்று இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி என்றார். ஆளுங்கட்சி உறுப்பினர் வாயிலிருந்து வந்த சொல் அது.

ஓல்ட்ஹாம் கன்சர்வேட்டிவ் சங்கத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. 1904 ஜனவரியில் அவர் மேல் நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தொண்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையில் வீடு வீடாக ஏறி 222 வாக்கைச் சேர்த்தவர்கள் அவர்கள். சர்ச்சில் பதில் சொன்னார்: ராஜினாமா செய்கிறேன், இடைத்தேர்தல் வையுங்கள், மறுபடி நிற்கிறேன். சங்கம் பின்வாங்கியது. ஆலைத் தொழிலாளர் ஊரில் ரொட்டி வரியை வைத்து ஓர் இடைத்தேர்தல் என்றால் முடிவு என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். ஆகவே கட்சி கைவிட்ட உறுப்பினராக அவர் தொடர்ந்தார்.

*

1904 மார்ச் 29. ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய விவாதம்.

லாயிட் ஜார்ஜ் பேசி முடித்தார். சர்ச்சில் எழுந்தார். அதே நொடியில் பிரதமர் பால்ஃபோர் எழுந்து வெளியே நடந்தார்.

இது மரியாதைக் குறைவு என்று சர்ச்சில் சபையிலேயே சொன்னார். உடனே முன்வரிசை அமைச்சர்கள் எழுந்து போனார்கள். பின்வரிசையும் எழுந்தது. போகும்போது கதவருகே நின்று கேலிக் கூச்சல் போட்டார்கள் சிலர். ஆளும் வரிசையில் கட்டற்ற வணிகக்காரர்கள் சிலரைத் தவிர நாற்காலிகள் காலி.

இது மூத்த உறுப்பினர் ஜான் கோர்ஸ்ட்டுக்குத் தாங்கவில்லை. எழுந்து தன் கட்சிக்காரர்களைக் கண்டித்தார்.

இந்தக் காட்சியில் ஒரு பழைய உறவு மறைந்திருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் லார்ட் ராண்டால்ஃப் தலைமையில் 'நான்காம் கட்சி' என்று பெயர் வாங்கிய நால்வர் கூட்டம் ஒன்று சபையைக் கலக்கியது. அவர்களுக்குத் தம் கட்சித் தலைமை மேலும் மரியாதை கிடையாது. ராண்டால்ஃப், டிரம்மண்ட் உல்ஃப், ஜான் கோர்ஸ்ட், நான்காமவர் இளம் ஆர்தர் பால்ஃபோர். அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கலகம் செய்த இருவரில் ஒருவர் மகனைப் பார்த்ததும் எழுந்து போனார். மற்றவர் மகனுக்காக எழுந்து பேசினார். மவுன்ட் ஸ்ட்ரீட்டில் அந்த நால்வரின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மாலை எப்படி இருந்திருக்கும்!

கட்சியோடு அவருடைய உறவு அன்றே முடிந்தது என்பது என் கணிப்பு. மிச்சம் இருந்தது எழுந்து நடப்பது ஒன்றுதான்.

*

அதற்கு முன் ஒரு சோதனை வந்தது.

ஏப்ரல் 22. தொழிற்சங்க மசோதா விவாதம். சர்ச்சில் சங்கங்களின் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார். எப்போதும்போல முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்து வந்திருந்தார். முக்கால் மணி நேரம் தடையில்லாமல் ஓடியது. தொழிலாளி வர்க்கத்துக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார்.

அடுத்த சொல் வரவில்லை.

நின்றார். வாக்கியத்தை மறுபடி தொடங்கினார். வரவில்லை. சட்டைப்பையில் தேடினார். காலடியில் தேடினார். எதிர்வரிசையிலிருந்து ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள், அதுவும் உதவவில்லை. கடைசியில், கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சபையில் இருந்த மூத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லார்ட் ராண்டால்ஃபின் கடைசி ஆண்டுகள் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. சொல் குழறி, நினைவு தப்பி, இதே சபையில் அவர் தடுமாறியதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். மகனுக்கும் அதே விதியா?

அன்றைக்கு அவருக்கு வயது இருபத்தொன்பது. அப்பாவின் கொடியை எடுத்தேன் என்று சொன்னவருக்கு அப்பாவின் நோயும் சேர்ந்து வந்துவிட்டதோ என்ற பயம் எப்படிப் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கலக்கமாக இருக்கிறது. நோய் எதுவும் இல்லை. ஓயாத உழைப்பும் ஓயாத பகையும் சேர்ந்த களைப்புதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் மனப்பாடத்தை மட்டும் நம்பிப் பேச எழுந்ததில்லை. ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்த தாள்கள் கையில் இருக்கும். உலகம் கேட்ட 1940-ஆம் ஆண்டுப் பேச்சுகளும் அப்படித் தாளில் எழுதி வந்தவைதான்.

*

1904 மே 31.

காமன்ஸ் சபைக்குள் நுழைந்தால் எதிரே சபாநாயகர். இடது கைப்பக்கம் ஆளும் வரிசை. வலது கைப்பக்கம் எதிர்வரிசை. சர்ச்சில் உள்ளே வந்தார். எல்லைக் கோட்டருகே ஒரு கணம் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தார். நேராக நடந்து சபாநாயகருக்குத் தலைவணங்கினார். பிறகு சட்டென்று வலதுபக்கம் திரும்பினார்.

லாயிட் ஜார்ஜின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில் அப்பா உட்கார்ந்த இடம் அது. 1885-இல் லிபரல் பிரதமர் கிளாட்ஸ்டனின் ஆட்சி கவிழ்ந்தபோது அவர் கைக்குட்டையை வீசிக் கூவியது அங்கிருந்துதான்.

எதிரே இருந்தவர்கள் அவருக்கு 'பிளெனிம் எலி' என்று பெயர் வைத்தார்கள். பிளெனிம் அவர் பிறந்த அரண்மனை. கப்பல் மூழ்கும் முன் ஓடுவது எலி.

கட்சி கிடைத்துவிட்டது. தொகுதி? ஓல்ட்ஹாமில் இனி நிற்க முடியாது. மான்செஸ்டர் லிபரல்கள் முன்பே அழைப்பு விடுத்திருந்தார்கள். வடமேற்கு மான்செஸ்டர். நகரத்தின் வணிக இதயம், பஞ்சு மாற்றகமும் வங்கிகளும் கிடங்குகளும் நிறைந்த பகுதி. தானியச் சட்டத்தை ஒழித்த இயக்கத்தின் நினைவாக எழுந்த ஃப்ரீ டிரேட் ஹால் நிற்கும் நகரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1885-இல் அந்தத் தொகுதி உருவான நாளிலிருந்து ஒருமுறைகூட லிபரல் வென்றதில்லை. கன்சர்வேட்டிவ் வில்லியம் ஹோல்ட்ஸ்வொர்த்தே தொடர்ந்து வென்றுவருகிறார்.

அங்கே இன்னொரு கூட்டமும் இருந்தது. ரஷ்யாவின் வெறியாட்டங்களுக்குத் தப்பி வந்த யூதக் குடும்பங்கள். அவர்களைப் போன்றவர்களை உள்ளே விடாமல் தடுக்க பால்ஃபோர் அரசு ஒரு மசோதா கொண்டுவந்திருந்தது. கட்சி மாறிய அதே வேளையில் அந்த மசோதாவையும் வெளிப்படையாக எதிர்த்தார் சர்ச்சில்.

ஆலை முதலாளிகள் ஒரு பக்கம், அகதிகள் ஒரு பக்கம், கட்சி மாறியவர் என்ற பழி ஒரு பக்கம். இவற்றோடு அடுத்த பொதுத் தேர்தலுக்கு மான்செஸ்டர் போகிறார். அதே நகரத்தின் கிழக்குத் தொகுதியில் 1885 முதல் அசையாமல் வென்றுவருபவர் ஆர்தர் பால்ஃபோர். சர்ச்சில் பேச எழுந்ததும் எழுந்து போனவர்.

ஒரே நகரம், ஒரே வாக்கு நாள், இருவர் பெயரும் வாக்குச்சீட்டில். 1906 ஜனவரியில் மான்செஸ்டர் யாரைச் சபைக்குத் திருப்பி அனுப்பும், யாரை வீட்டுக்கு அனுப்பும்?

(அடுத்த வாரம் தொடரும்)